பஞ்சாயத்து சீசன் 4: தோத்தது மஞ்சு தேவியா, அவங்க வீட்டுக்காரரா?

கம்மாக்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ப்ரைம்ல வர்ற பஞ்சாயத்து இந்தி சீரிஸ் பத்தித்தான் பேசப்போறேன், முடிவையும் சேத்து சொல்லிருவேன், அதனால 4வது சீசன் பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க.

2020 ஏப்ரல்ல லாக்டவுன் போட்டு எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்தப்போதான் முதல் சீசன் வந்துச்சு. நான் போன்ல பாத்துட்டு இருந்தேன், அம்மா பக்கத்துல உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டே எட்டிப் பாத்தாங்க. இந்தி தெரியாது, சப்டைட்டில் இங்கிலீஷ்ல ஓடுது, நான் ஒவ்வொண்ணா தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன். பிரதான்னு, அதாவது ஊராட்சித் தலைவர்னு பேரு மஞ்சு தேவிக்கு, ஆனா ஊரே அவங்க வீட்டுக்காரரைத்தான் பிரதான்ஜி பிரதான்ஜின்னு கூப்பிடுதுன்னு நான் சொன்னதும் அம்மா பூண்டு உரிக்கிறதை நிறுத்திட்டாங்க.

ஏன்னா எங்கம்மா 2011ல இருந்து 2016 வரைக்கும் எங்க ஊர் ஊராட்சி மன்றத் தலைவர். பெண்களுக்கு ஒதுக்குன ஊர்னு ஆனதால அப்பா நிக்க முடியல, அம்மாவை நிக்க வெச்சாரு. போஸ்டர்ல அம்மா போட்டோ சின்னதா, அப்பா போட்டோ பெருசா. ஜெயிச்சதுக்கு அப்புறமும் ஊர்ல தலைவரேன்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்குறது அப்பாதான். அம்மாவை "தலைவர் வீட்டம்மா"ன்னுதான் சொல்லுவாங்க. அப்பா தீர்மான நோட்டையும் செக்கையும் அடுப்பங்கரைக்கு எடுத்துட்டு வருவாரு, அம்மா மாவுக்கையைக் கழுவி முந்தானையில தொடச்சுட்டு அடுப்புத் திண்டு மேலயே வெச்சு கையெழுத்து போட்டுக் குடுப்பாங்க. ஒரு தீர்மான நோட்டோட அட்டையில மஞ்சள்தூள் கறை இருந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. நான் அப்ப எட்டாவது படிச்சேன், அது தப்புன்னெல்லாம் தோணவே இல்ல, எல்லா ஊர்லயும் இப்படித்தான் போலன்னு நெனச்சேன்.

அதனால நாலு சீசனையும் அம்மாகூட உக்காந்துதான் பாத்தேன். 2025 ஜூன்ல 4வது சீசன் வந்ததும் ரெண்டே நாள்ல முடிச்சோம். சுரைக்காய் சின்னத்துக்கும் குக்கர் சின்னத்துக்கும் நடக்குற எலெக்‌ஷன், கடைசியில ஓட்டு எண்ணி, எதிர்த்து நின்ன கிராந்தி தேவி ஜெயிச்சதும் மஞ்சு தேவி பக்கம் எல்லாரும் உடைஞ்சு போறாங்க. அம்மா ஒண்ணுமே சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு "இதுல தோத்தது யாரு, அந்தம்மாவா அவங்க வீட்டுக்காரரா"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல.

ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் 4வது சீசன் வேஸ்ட், சிரிப்பே இல்ல, ஒரே சண்டைன்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல, ஆனா ஏன் தோணலன்னு விளக்கத் தெரியல. பாத்தவங்க உங்களுக்கு என்ன தோணுச்சுன்னு சொல்லுங்க. முக்கியமா பஞ்சாயத்து ஆபீஸ் உள்ள இருந்து பாத்தவங்க யாராச்சும் இருந்தா, அதுல காட்டுற அதிகாரப் போட்டி எந்த அளவுக்கு நெசம்னு எழுதுங்க.

ராத்திரிவண்டி

உங்கம்மா கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஆனா சீசன் 4 விஷயத்துல நான் உங்க ஃப்ரெண்ட்ஸ் பக்கம்தான். நான் முதல் சீசனை மூணு தடவை பாத்தவன், அதை வெச்சுத்தான் சொல்றேன்.

முதல் சீசன்ல அரசியல் இல்லாம இல்ல, அது பொருள்ல இருந்துச்சு. அபிஷேக் புலேராங்கற அந்த ஊருக்கு ஊராட்சி செக்ரட்டரியா முதல் நாள் வேலைக்கு வர்றான், ஆபீஸ் பூட்டியிருக்கு, சாவி பிரதான்ஜிகிட்ட, அவரு அதை வயக்காட்டுல தொலைச்சுட்டாரு. சர்க்கார் ஆபீஸோட சாவி பதவியிலயே இல்லாத ஒரு ஆளோட மடியில இருக்கு. இந்த ஒரு விஷயத்துலயே அந்த ஊர்ல அதிகாரம் யாருகிட்டன்னு சொல்லிட்டாங்க, யாரும் நின்னு வசனம் பேசல.

அப்புறம் அந்த சக்கரம் வெச்ச ஆபீஸ் நாற்காலி. அபிஷேக் தனக்குன்னு சுத்துற சேர் ஒண்ணு வாங்கிப் போடுறான், பிரதான்ஜி உள்ள வந்து பாக்குறாரு, தான் உக்காருற சேரை விட செக்ரட்டரி சேர் பெருசா இருக்கு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல, ஆனா பிரதான்ஜியா நடிச்ச ரகுபீர் யாதவ் மூஞ்சியில அந்தச் சங்கடம் ஓடுது பாருங்க, அதைப் பாத்தா நம்ம ஊர் ஆபீஸ் எல்லாம் கண்ணு முன்னாடி வந்து போகும். எங்க டிப்போவுல ஒரு ஃபேனை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறதுன்னு ஒரு மாசம் பேச்சு வார்த்தை இல்லாம இருந்திருக்காங்க. கடைசியில ஊர்ல ஒரு கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளையும் அந்த நாற்காலிக்கு அடம்புடிச்சு, ஊரே திண்டாடுது. சோலார் லைட் எந்தக் கம்பத்துல மாட்டணும்கறதும் அதே மாதிரிதான், அவனவன் வீட்டு வாசலுக்கு இழுக்குறான், பொது இடம்னு யாரும் யோசிக்கல.

4வது சீசன்ல இதெல்லாம் போயிடுச்சு. நீ ஒண்ணு செய், நான் ஒண்ணு செய்றேன்னு ரெண்டு கோஷ்டியும் மாறி மாறி பழிவாங்குறதுலயே எபிசோட் ஓடுது, அபிஷேக்குன்னு ஒரு செக்ரட்டரி இருக்கான், அவனுக்குன்னு ஆபீஸ் வேலை இருக்குங்கறதையே மறந்துட்டாங்க. கிராந்தி தேவியோட புருஷன் பூஷணை, பன்ராகஸ்னு பட்டப்பேரு வெச்சுக் கூப்பிடுவாங்களே, அவனை வில்லனாவே ஆக்கிட்டாங்க. 2வது சீசன்ல அவன் ரோடு சரியில்லன்னு கேக்குறான்ல, அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. எதிர்க்கட்சின்னு ஒருத்தன் ஊருக்கு வேணும். அவனைக் கெட்டவனாவே காட்டிட்டு கடைசியில அவன் பொண்டாட்டியை ஜெயிக்க வெச்சா எனக்கு எதுவும் ஒட்டல.

தோக்க வெச்சதுல தப்பில்ல. ஊர் ஏன் மாத்தி ஓட்டுப் போட்டுச்சுன்னு காட்டலங்கறதுதான் என் குறை.

வடக்கத்திமழை

கம்மாக்கரை, நான் ஒரு பேங்க்ல வேலை பாக்குறேன். முதல் போஸ்டிங்கே கிழக்கு உத்தரப்பிரதேசம், கதையில புலேரா இருக்குறதா சொல்ற பலியா ஜில்லாவுக்குப் பக்கத்துலதான், ரெண்டே கால் வருஷம் இருந்தேன். அதனால நான் பாத்ததைச் சொல்றேன்.

அங்க ஊராட்சிப் பணம் கிராம நிதின்னு ஒரு கணக்குல இருக்கும். அதுல பிரதானும் செக்ரட்டரியும் ரெண்டு பேரும் சேந்து கையெழுத்து போட்டாத்தான் பணம் நகரும். எலெக்‌ஷன் முடிஞ்சு புது பிரதான் வந்தா கையெழுத்து மாதிரியை பேங்க்ல பதியணும். ஒரு நாள் காலையில வெள்ளை குர்தா, தோள்ல துண்டு போட்ட ஒருத்தர் நாலு பேரோட வந்து என் முன்னாடி உக்காந்து "நான் பிரதான், கையெழுத்து மாத்தணும்"னாரு. பேப்பர்ல இருக்குறது பொம்பளைப் பேரு. அவங்க எங்கன்னு கேட்டேன். வீட்ல இருக்காங்க, ஃபாரத்தைக் குடுங்க போட்டு வாங்கிட்டு வர்றேன்னாரு. முடியாது, நேர்ல வரணும்னு சொன்னேன். கூட வந்தவங்க எல்லாரும் என்னைப் பாத்த பார்வை இருக்கே, இவனுக்கு ஊர் நடப்பே தெரியல போலங்கற மாதிரி.

மத்தியானம் அந்தம்மா வந்தாங்க. முக்காடு மூக்கு வரைக்கும் இறங்கியிருக்கு. பேனாவைக் கையில வாங்கி, பேப்பரை நேரா வெச்சு, ஒவ்வொரு எழுத்தா, மேல கோடு இழுத்து, எழுதுனாங்க. மூணு இடத்துல கையெழுத்து வேணும், பத்து நிமிஷத்துக்கு மேல ஆச்சு. பின்னாடி கியூ நிக்குது. வீட்டுக்காரர் "சீக்கிரம், சீக்கிரம்"ங்கிறாரு. அவங்க அவசரப்படவே இல்ல. முடிச்சுட்டு முக்காட்டை லேசா தூக்கி நான் எங்க சீல் வெக்கிறேன்னு பாத்தாங்க. எனக்கு அந்தப் பார்வைதான் மனசுல நிக்குது. ஒரு வருஷம் கழிச்சு அதே அம்மா ஒரு சின்னப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு தானா வந்து கணக்குல எவ்வளவு இருக்குன்னு கேட்டாங்க. வீட்டுக்காரர் கூட இல்ல.

அதனால முதல் சீசன் கடைசி எபிசோட்ல மஞ்சு தேவி ஜனவரி 26க்குக் கொடியேத்த தேசிய கீதத்தைப் படிச்சுப் படிச்சு மனப்பாடம் பண்றாங்கல்ல, கலெக்டரம்மா முன்னாடி நின்னு திணறித் திணறிப் பாடுறாங்கல்ல, அதைப் பாத்து நான் அழுதுட்டேன். மஞ்சு தேவியா வர்ற நீனா குப்தா அதை நடிச்ச மாதிரியே தெரியல. அந்த பேங்க் கவுன்ட்டர்ல நின்ன அம்மாதான் தெரிஞ்சாங்க.

உங்கம்மா கேள்விக்கு வர்றேன். எனக்கு என்ன தோணுதுன்னா முதல் சீசன்ல எலெக்‌ஷன் வெச்சு தோத்திருந்தா தோத்தது வீட்டுக்காரர். 4வது சீசன்ல தோத்தது மஞ்சு தேவி. ஏன்னா நடுவுல அஞ்சு வருஷத்துல அந்தப் பதவி கொஞ்சம் கொஞ்சமா அவங்களோடதா மாறிடுச்சு. கிராந்தி தேவிகிட்ட நேருக்கு நேர் நிக்கிறது, ஓட்டு கேட்டுப் போறது, என்ன செய்யலாம்னு பேசுற இடத்துல வாய் திறக்குறது எல்லாம் அவங்களே பண்றாங்க. பதவி வேணும்னு அவங்க மனசுல வந்தப்புறம் போகுது. அதான் வலிக்குது.

இன்னொண்ணு சொல்லணும். பிரதான் பதிங்கறது அங்க கிட்டத்தட்ட ஒரு பதவிப் பேரு. பதின்னா புருஷன். சில பேரு போன்ல பேரு சொல்லும்போதே அப்படித்தான் சொல்லுவாங்க. அது பெரிய பிரச்சினையாப் போயி, 2025ல மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகமே இந்த சீரிஸ் எடுத்த டிவிஎஃப் கம்பெனியோட சேந்து, நீனா குப்தாவையே நடிக்க வெச்சு, உண்மையான பிரதான் யாருன்னு கேக்குற மாதிரி ஒரு குறும்படம் எடுத்து விட்டாங்க. எங்க ஏரியாவுல இருந்தவன்கற முறையில எனக்கு அது ரொம்ப சந்தோஷம்.

ஒரு சின்னக் குறை, ஷூட்டிங் நடந்தது பலியாவுல இல்ல, மத்தியப் பிரதேசத்துல சீஹோர் பக்கம் மஹோடியான்னு ஒரு கிராமம். அதனால கங்கைக்கும் காக்ரா ஆத்துக்கும் நடுவுல இருக்குற அந்த வெள்ளக்காடு நிலம் எங்கயும் தெரியாது. பலியாவுல ஆறு கரையை அரிச்சு ஊர் ஊரா உள்ள இழுக்கும், ஊர் அரசியல்ல பாதி அந்தக் கரை, நிவாரணம்னுதான் சுத்தும். அது இல்லாத பலியா எனக்குக் கொஞ்சம் அந்நியமாத்தான் இருந்துச்சு. அந்த ஊர்ப் பக்கத்து லிட்டி சோக்கா சாப்பாட்டுக்காக மட்டும் மன்னிச்சுட்டேன்.

பழைய கிளார்க்கு

ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம். நான் ஊராட்சி செயலரா இருபத்தாறு வருஷம் வேலை பாத்து ரிட்டையர் ஆனவன். ஊர்ல பஞ்சாயத்து கிளார்க்குன்னுதான் கூப்பிடுவாங்க. என் மகன் தான் இந்த சீரிஸைப் போட்டுக் காட்டுனான், அப்புறம் 2024 செப்டம்பர்ல தமிழ்ல தலைவெட்டியான் பாளையம்னு இதோட ரீமேக் வந்துச்சுல்ல, அதையும் பாத்தேன். அபிஷேக் குமார், சேத்தன், தேவதர்ஷினி நடிச்சது, டைரக்‌ஷன் நாகா. சேத்தனும் தேவதர்ஷினியும் நெஜத்துலயும் புருஷன் பொண்டாட்டி, நாகாவோட மர்மதேசத்துலயே நடிச்சவங்க, அவங்களைத் திரும்ப ஒண்ணாப் பாத்தது நல்லா இருந்துச்சு. கதையைத் திருநெல்வேலி ஜில்லாவுல வெச்சிருக்காங்க.

ஆனா ஒரு முக்கியமான விஷயம் யாரும் பேசல, அதுக்காகத்தான் டைப் பண்றேன், மெதுவாத்தான் அடிக்கிறேன் பொறுத்துக்கங்க.

புலேராவுல பிரகலாத்னு ஒருத்தர் வர்றார் பாருங்க, துணைப் பிரதான். எவ்வளவு நல்ல மனுசன், பிரதான்ஜிக்கு உயிர் நண்பன், மகனை ராணுவத்துல பறிகொடுத்த அந்த எபிசோடை என்னால திரும்பப் பாக்க முடியாது. அவரு அவ்வளவு நல்லவரா, பிரதானோட இழைஞ்சு இருக்க முடியுறதுக்குக் காரணம் ஒண்ணு இருக்கு. அங்க துணைப் பிரதானுக்கு கையெழுத்து கிடையாது. மேல பேங்க் தம்பி சொன்ன மாதிரி கையெழுத்து பிரதானுக்கும் செக்ரட்டரிக்கும். நம்ம தமிழ்நாட்டுல 1994 சட்டப்படி வந்த ஏற்பாடு வேற. செக்குல தலைவரும் துணைத் தலைவரும் கையெழுத்து போடணும். கிளார்க்கு எழுதுறவன் மட்டும்தான். இந்த ஒரு வித்தியாசத்துல ஊர் அரசியலே தலைகீழா மாறிரும்.

நம்ம ஊர்ல தலைவரை ஜனங்க நேரடியா ஓட்டுப்போட்டு தேர்ந்தெடுக்குறாங்க. துணைத் தலைவரை வார்டு மெம்பர்கள் தங்களுக்குள்ள ஓட்டுப்போட்டு தேர்ந்தெடுக்குறாங்க. அதனால தலைவர் ஒரு கோஷ்டி, துணைத் தலைவர் எதிர் கோஷ்டின்னு வர்றதுக்கு எல்லா வாய்ப்பும் இருக்கு. 2019 டிசம்பர் எலெக்‌ஷன் முடிஞ்சு 2020 ஜனவரியில துணைத் தலைவர் தேர்தல் வந்தப்போ எங்க ஊர்ல ஒன்பது வார்டு மெம்பர்ல அஞ்சு பேரை ஒரு வேன்ல ஏத்தி, கோயில் குளம்னு சுத்திக்காட்டி, ஓட்டுப்போடுற அன்னைக்குக் காலையிலதான் கொண்டு வந்து இறக்குனாங்க. அதுல ஒரு பொம்பள மெம்பர், கைக்குழந்தையோட போனவங்க. இறங்கும்போது புள்ளைக்கு சளி, அவங்க முகம் எல்லாம் வீங்கியிருக்கு. நேரா உள்ள போயி ஓட்டைப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, தலைவரம்மா ஒரு பக்கம், துணைத் தலைவர் எதிர்ப்பக்கம். மேட்டுத்தெரு போர் மோட்டார் கருகிப் போச்சு. காயில் கட்டணும். தலைவரம்மா செக்குல கையெழுத்து போட்டுட்டாங்க. நான் அந்தச் செக்கை ஒரு பாலித்தீன் கவர்ல போட்டு சட்டைப் பையில வெச்சுக்கிட்டு துணைத் தலைவர் வீட்டுக்குப் போறேன். வயலுக்குப் போயிருக்காருங்கிறாங்க. வயலுக்குப் போனா டவுனுக்குப் போயிருக்காருங்கிறாங்க. பதினோரு நாள் நடந்தேன். அந்தத் தெருப் பொம்பளைங்க காலி குடத்தோட என் வண்டியை மறிச்சாங்க, அவங்களுக்குச் செக்கு, ரெண்டு கையெழுத்துன்னு சொல்லிப் புரிய வெக்க முடியுமா, தண்ணி வரலைன்னா கிளார்க்குதான் திருடன். கடைசியில யூனியன் ஆபீஸ்ல பிடிஓ கூப்பிட்டுப் பேசித்தான் கையெழுத்து வந்துச்சு. அதுக்குப் பதிலா துணைத் தலைவர் சொன்ன ஆளுக்கு ஒரு வாய்க்கால் வேலை போச்சு. இப்ப கம்ப்யூட்டர்ல டிஜிட்டல் கையெழுத்துன்னு நிறைய மாறிருச்சு, ஆனா ரெண்டு பேரு ஒத்துக்கணும்கற இடத்துல இழுபறி அப்படியேதான் இருக்கு.

அதனால தலைவெட்டியான் பாளையத்துக்கு அடுத்த சீசன் எடுக்குறவங்க இதைக் கவனிக்கணும். வடக்க அரசியல்வாதிக்கு செக்ரட்டரிதான் கண்ணு உறுத்தும், அதனாலதான் எம்எல்ஏ சந்திரகிஷோர் சிங் 2வது சீசன் முடிவுல அபிஷேக்கை டிரான்ஸ்பர் பண்ண வெக்கிறாரு. ஆத்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும், தனக்கு ஆகாத செக்ரட்டரி இருந்தா அங்க எதுவும் நகராது. நம்ம ஊர்ல கதையை நகத்துறவரு துணைத் தலைவர். அவரை பிரகலாத் மாதிரி நல்ல நண்பனா மட்டும் காட்டுனா எங்க மாதிரி ஆளுங்களுக்கு அது நம்ம ஊராத் தெரியாது.

கம்மாக்கரை மகளே, மகனே, யாரா இருந்தாலும் சரி, அடுப்புத் திண்டுல வெச்சு கையெழுத்து போட்டாங்கன்னு எழுதியிருக்கீங்களே, நானும் அப்படி நோட்டு குடுத்து விட்டவன்தான். அந்த இருபத்தாறு வருஷத்துல மூணு தலைவரம்மா பாத்தேன். ஒருத்தர்கிட்ட கூட உக்காந்து இது வரவு, இது செலவு, இந்த நிதியை இதுக்குத்தான் தொடலாம்னு முழுசா நான் சொல்லிக் குடுத்ததில்ல. வீட்டுக்காரர் பாத்துக்குவாருன்னு விட்டுட்டேன். அந்த அபிஷேக் தேசிய கீதம் சொல்லிக் குடுக்குற காட்சியைப் பாத்தப்போ எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு.

ஒத்தப்பனை

கிளார்க்கு ஐயா எழுதுனதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோணல. நன்றிங்க ஐயா.

நான் ஒரு விஷயம் கேக்கணும், இவ்வளவு பேரும் பேசாம விட்டது. புலேராவுல பேரைக் கவனிச்சீங்களா? அபிஷேக் திரிபாதி. பிரதான்ஜி பிரிஜ் பூஷண் துபே. ஆபீஸ் உதவியாளன் விகாஸ் சுக்லா. பிரகலாத் பாண்டே. எதிர்ல நிக்கிறவன் பூஷண் சர்மா. ஆபீஸுக்குள்ள உக்காந்து டீ குடிக்கிற, ராத்திரி உக்காந்து தண்ணி அடிக்கிற அந்த நாலு பேரும் மேல்சாதி. ஊருக்குள்ள வேற யாரும் இல்லையா? வீடு கேட்டு நிக்கிற பாட்டி, கூலிக்குப் போறவங்க, இவங்க எல்லாம் எந்தத் தெருவுல இருக்காங்க, அந்தத் தெருவுக்கு கேமரா ஏன் போகல? பெண் ஒதுக்கீட்டைப் பத்தி இவ்வளவு அழகா எடுத்தவங்க, அதே அரசியல் சட்ட 73வது திருத்தத்துல பட்டியல் சாதிகளுக்கும் ஒதுக்கீடு இருக்குங்கறதைத் தொடவே இல்லையே.

நான் மதுரை ஜில்லாக்காரன். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம்னா எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். தலைவர் பதவியைப் பட்டியல் சாதிக்கு ஒதுக்கிட்டாங்கன்னு 1996ல இருந்து 2006 வரைக்கும் அந்த நாற்காலியில யாரையும் உக்கார விடல. மனு போட விட மாட்டாங்க, அப்படியே ஒருத்தர் நின்னு ஜெயிச்சாலும் உடனே ராஜினாமா. மேலவளவுல 1997ல தலைவர் முருகேசனை பஸ்ஸை மறிச்சு வெட்டிக் கொன்னாங்க. எங்க ஊர்ப் பக்கம் பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலின்னா அது ரத்தம் பாத்த நாற்காலி. இதையெல்லாம் சிரிப்பா எடுக்கச் சொல்லல. ஆனா ஊர் அதிகாரம்னு பேச வந்துட்டு சாதியை வாசல்லயே விட்டுட்டு வர முடியாதுங்கறது என் எண்ணம். தமிழ் ரீமேக்குக்கும் இதே வருத்தம்தான், நம்ம ஊர்ல வெச்சு எடுக்கும்போது அது இன்னும் கூடுதலா உறுத்துது.

இதையெல்லாம் மீறி எனக்கு 4வது சீசன்ல பிடிச்ச ஒரே ஆள் பூஷணோட கூடவே சுத்துற பினோத். அவனை பிரதான் வீட்டுக்குக் கூப்பிட்டு நல்லா சாப்பாடு போடுறாங்கல்ல. தட்டுல ஒவ்வொண்ணா வந்து விழுது, அவன் சாப்பிடுறான், முகத்துல அவ்வளவு சந்தோஷம், இந்த வீட்ல எனக்கு இலை போடுறாங்களேங்கற மாதிரி. அப்புறம்தான் அவனை பூஷண் பக்கத்துல இருந்து இழுக்கத்தான் இந்த விருந்துன்னு புரியுது. அவன் தன் வறுமையையும் மானத்தையும் சேத்துச் சொல்லி மறுக்குற அந்த இடம், அசோக் பாடக் அதை நடிச்ச விதம், நாலு சீசன்லயும் அதுக்கு ஈடு இல்ல. நமக்குப் பிடிச்ச பிரதான்ஜியும் மஞ்சு தேவியும்கூட ஓட்டுக்காக ஒரு ஏழையோட பசியைப் பயன்படுத்துறாங்க. அந்த எபிசோடுக்கு அப்புறம் அவங்க தோத்தது எனக்கு அநியாயமாத் தெரியல. ராத்திரிவண்டி அண்ணே, ஊர் ஏன் மாத்தி ஓட்டுப் போட்டுச்சுன்னு கேட்டீங்கள்ல, எனக்கு அங்க பதில் கிடைச்சுது.

ராத்திரிவண்டி

ஒத்தப்பனை தம்பி, பினோத் விருந்தை நான் அப்படிப் பாக்கல. பூஷணோட எடுபிடி ஒருத்தன் விசுவாசமா நின்னான்னுதான் நெனச்சுக்கிட்டேன். திரும்ப அந்த எபிசோடை மட்டும் பாக்குறேன். மத்தபடி 4வது சீசன் இழுவைன்னு சொன்னதை மாத்திக்க மாட்டேன், ஆபீஸ் வேலை இல்லாத பஞ்சாயத்து எனக்குப் பஞ்சாயத்து இல்ல. கிளார்க்கு ஐயா, அந்த பதினோரு நாளை வெச்சே ஒரு எபிசோட் எழுதலாம்.

கம்மாக்கரை

எல்லாரும் இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கல. ராத்திரி அம்மாவுக்கு எல்லாத்தையும் சத்தமா படிச்சுக் காட்டுனேன். கிளார்க்கு ஐயா எழுதுனதை ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க. ஐயா, நான் மகள்தான்.

பேங்க் அண்ணா சொன்ன மாதிரியே எங்கம்மாவுக்கும் நடந்திருக்கு, எனக்கே இப்பதான் தெரியும். மூணாவது வருஷத்துல இருந்து அப்பா கொண்டு வந்த நோட்டை உடனே கையெழுத்து போடாம, சாப்பாட்டு வேலை முடிஞ்சப்புறம் படிச்சுட்டு போடுறேன்னு வாங்கி வெச்சுக்க ஆரம்பிச்சிருக்காங்க. அப்பாவுக்குக் கோவம் வந்திருக்கு, ஒரு வாரம் பேசலையாம். ஒரு தடவை தெருவிளக்கு பல்பு எண்ணிக்கை அதிகமா இருக்குன்னு கண்டுபிடிச்சு, சாயங்காலம் எங்களைக் கூட்டிக்கிட்டு நடக்கப் போற மாதிரி போயி கம்பத்தை எண்ணியிருக்காங்க. எனக்கு அந்த நடை ஞாபகம் இருக்கு, தம்பியும் நானும் போட்டி போட்டு எண்ணினோம், விளையாட்டுன்னு நெனச்சோம்.

2016ல பதவிக்காலம் முடிஞ்சப்போ எலெக்‌ஷன் நடக்கல, தனி அலுவலர்கிட்ட எல்லாத்தையும் ஒப்படைக்கச் சொல்லிட்டாங்க. அப்பா போய் ரப்பர் ஸ்டாம்பையும் நோட்டுகளையும் குடுத்துட்டு வந்தாரு. அம்மாவை வர வேணாம்னுட்டாரு. "எனக்குக் கணக்குப் புரிய ஆரம்பிச்ச நேரம்டீ அது"ன்னு நேத்து சொன்னாங்க. மஞ்சு தேவி தோத்ததும் அவங்க ஏன் அந்தக் கேள்வி கேட்டாங்கன்னு எனக்கு இப்பப் புரியுது.

ஒத்தப்பனை அண்ணா, சாதி பத்தி நீங்க எழுதுனதுக்கு அம்மா தலையாட்டுனாங்க. எங்க ஊர்லயும் தலைவர் வீட்டு வாசல்ல எல்லாருக்கும் சேர் போட மாட்டாங்க, அதை நான் மாத்தலையேன்னு சொன்னாங்க. அதுக்கு மேல எதுவும் சொல்லல.

2025 ஜனவரியோட எங்க ஜில்லாவுலயும் ஊராட்சி மன்றம் முடிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் தலைவர் இல்லாம தனி அலுவலர்தான் பாத்தாரு. அந்த வருஷம் ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு அம்மா போனாங்க. பழைய நாற்பது பக்க நோட்டு ஒண்ணுல கேக்க வேண்டியதை எழுதிக்கிட்டு, முன் வரிசையில உக்காந்து, குடிதண்ணி மோட்டார் ரிப்பேர் செலவை வரி வரியா வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்காங்க. அப்பா பின்னாடி வேப்பமரத்தடியில நின்னு பாத்துட்டு இருந்தாராம். 5வது சீசன் வரப்போகுதுன்னு அறிவிச்சிருக்காங்கன்னு சொன்னேன். மஞ்சு தேவி கிராம சபைக்குப் போறாங்களான்னு மட்டும் பாத்து சொல்லுன்னாங்க.